கௌதாரியின் பெயர் ஏன் மாறியது? விலங்குகளின் அறிவியல் பெயரை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வியின் சுருக்கம் இதுதான்: "அப்பாவின் பழைய பறவைப் புத்தகத்தில் கௌதாரிக்கு ஃபிராங்கோலினஸ் பாண்டிசெரியானஸ் என்று போட்டிருக்கிறது. இப்போது செயலியில் பார்த்தால் ஆர்டிகோர்னிஸ் பாண்டிசெரியானஸ் என்று வருகிறது. அறிவியல் பெயர் மாறாது என்றுதானே பள்ளியில் சொன்னார்கள்? யார் மாற்றுகிறார்கள்? எதை எழுதுவது?"

கல்லூரியில் வகைப்பாட்டியல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் வருடத்துக்கு ஒரு மாணவராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுவார். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில், உங்கள் இரண்டு பெயர்களிலும் எது மாறவில்லை என்று பாருங்கள். பாண்டிசெரியானஸ் அப்படியே இருக்கிறது. முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள விலங்கினங்களின் குழு. இரண்டாவது சொல் அந்தக் குழுவுக்குள் இந்த ஒரு சிற்றினத்தைக் குறிப்பது. நம் வீடுகளில் கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் இன்ஷியல் மாறுகிறது, பெயர் மாறுவதில்லை அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான். பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிப் பக்கம் பார்த்த கௌதாரியைத் தன் பயண நூலில் 'பாண்டிச்சேரிக் கௌதாரி' என்று வர்ணித்தார். அந்த வர்ணனையை வைத்து ஜெர்மானியரான ஜிமெலின் 1789இல் டெட்ராவோ பாண்டிசெரியானஸ் என்று லத்தீன் பெயர் வைத்தார். பின்னால் அது டெட்ராவோவிலிருந்து ஃபிராங்கோலினஸுக்குப் போனது, இப்போது ஆர்டிகோர்னிஸுக்கு வந்திருக்கிறது. பேரினம் இத்தனை முறை மாறியும் அந்த 1789ஆம் ஆண்டுப் பெயர் கூடவே வந்திருக்கிறது. முழுப் பெயரை எழுதும்போது கடைசியில் (ஜிமெலின், 1789) என்று அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். 'இவர் பெயர் வைத்தபோது இது வேறு பேரினத்தில் இருந்தது' என்பதுதான் அந்த அடைப்புக்குறிக்கு அர்த்தம். குறி இல்லாவிட்டால் முதலில் வைத்த பேரினத்திலேயே இன்னும் இருக்கிறது என்று பொருள்.

சரி, யார் மாற்றுகிறார்கள்? எங்கோ ஓர் அலுவலகம் இருக்கிறது, அங்கே விண்ணப்பித்தால் பெயருக்கு ஒப்புதல் தருவார்கள் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அப்படி ஓர் அலுவலகமே கிடையாது. விலங்கியல் பெயரிடலுக்கான பன்னாட்டு ஆணையம் என்று ஒன்று 1895 முதல் இருக்கிறது. ஆனால் அது பெயர் வைப்பதும் இல்லை, ஒவ்வொரு புதுப் பெயருக்கும் முத்திரை குத்துவதும் இல்லை. கௌதாரி எந்தப் பேரினத்தைச் சேர்ந்தது என்று அது வாயே திறக்காது. அது ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் வாதாடி முடிக்க வேண்டிய விஷயம். ஆணையத்தின் வேலை ஒரு விதிப் புத்தகத்தைப் பராமரிப்பது, விதிப்படி போனால் குழப்பம் வரும் என்ற இடத்தில் வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது. இப்போது நடப்பில் இருப்பது அந்த விதிப் புத்தகத்தின் நான்காம் பதிப்பு, 2000 ஜனவரி 1 முதல்.

விதிகளின்படி யார் வேண்டுமானாலும் பெயர் வைக்கலாம். முறையாக வெளியிட வேண்டும், இரண்டு சொல்லாக இருக்க வேண்டும், மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிட்டால் 2012 முதல் ஸூபேங்க் என்ற பதிவேட்டிலும் பதிய வேண்டும். கணக்குத் தொடங்கும் நாள் 1758 ஜனவரி 1. இந்த இருசொல் பெயர் முறையை நிலைநிறுத்திய சுவீடன் அறிஞர் லின்னேயஸின் நூலின் பத்தாம் பதிப்பு அன்று வெளிவந்ததாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் வைத்த பெயர் எதுவும் செல்லாது. சிலந்திகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. சுவீடனைச் சேர்ந்த கிளெர்க் 1757இலேயே சிலந்திகளைப் பற்றி அருமையான நூல் ஒன்றைப் போட்டுவிட்டார். அதை இழக்க மனமில்லாமல், அந்த நூலும் 1758 ஜனவரி 1 அன்று வந்ததாகவே விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் மேல்தோல். உள்ளே இருக்கும் முக்கியமான விஷயம் வேறு. ஒரு சிற்றினத்தின் பெயர் அதன் வர்ணனையோடு கட்டப்பட்டதில்லை, பெயரின் அர்த்தத்தோடும் கட்டப்பட்டதில்லை. எங்கோ ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரே ஓர் உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. அதை வகைமாதிரி என்கிறோம். நம்முடைய கருத்து எப்படி மாறினாலும், அந்த உடல் எந்தச் சிற்றினத்தில் போய் விழுகிறதோ அங்கேதான் பெயரும் போகும். வகுப்பில் இதை எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் பிடிபடாது. யானைக் கதையைச் சொன்னவுடன் பிடிபட்டுவிடும்.

லின்னேயஸ் 1758இல் எலிஃபாஸ் மேக்சிமஸ் என்று யானைக்குப் பெயர் வைத்தார். ஆசிய யானை வேறு, ஆப்பிரிக்க யானை வேறு என்ற பிரிவு அவரிடம் இல்லை. அவருக்கு எல்லாம் ஒரே யானை. வாழிடம் என்ற இடத்தில் இலங்கையைக் குறித்தார். அவர் ஆதாரமாகக் கொண்டவற்றில் ஒன்று சாராயத்தில் போட்டு வைத்திருந்த ஒரு யானைக் கரு. ஆம்ஸ்டர்டாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்பர்ட் சேபாவின் புகழ்பெற்ற சேகரிப்பில் இருந்தது அது. இன்றைக்கும் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பின்னால் 1797இல் ஜெர்மானிய அறிஞர் புளூமென்பாக் ஆப்பிரிக்க யானையைத் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தார். மேக்சிமஸ் என்ற பெயர் நம் யானைக்கே நின்றது. எல்லாம் சுமுகம்.

ஆனால் அந்தக் கருவைக் கூர்ந்து பார்த்த சிலருக்குச் சந்தேகம் வந்தது. காதும் மற்ற அமைப்பும் ஆப்பிரிக்க யானை மாதிரி இருக்கிறதே என்று. கடைசியில் அதன் புரதத்தையும் மரபணுவையும் எடுத்துச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். அது ஆப்பிரிக்க யானைக் கருவேதான்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். அந்தக் கருதான் வகைமாதிரி என்று யாராவது முன்பே அறிவித்திருந்தால், எலிஃபாஸ் மேக்சிமஸ் என்ற பெயர் விதிப்படி ஆப்பிரிக்க யானைக்குப் போயிருக்கும். ஆசிய யானைக்கு அடுத்த பழைய பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும். சட்டங்கள், ஒப்பந்தங்கள், பாடப்புத்தகங்கள் எல்லாவற்றிலும் இரண்டு யானைகளின் பெயரும் குழம்பியிருக்கும்.

காப்பாற்றியது இன்னொரு விதி. பெயர் வைத்தவர் ஒரே மாதிரியைக் குறிப்பிடாமல் பலவற்றை ஆதாரமாகக் காட்டியிருந்தால், பின்னால் வருபவர் அவற்றிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிலைநிறுத்தலாம். லின்னேயஸ் மேற்கோள் காட்டியிருந்தவர்களில் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் ஒருவர். அவர் 1664இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் ஒரு யானை எலும்புக்கூட்டைப் பார்த்து எழுதியிருந்தார். தேடிப் போனால் அந்த எலும்புக்கூடு அங்கேயே இருந்தது! மரபணுவைப் பார்த்தார்கள், ஆசிய யானைதான். அதையே வகைமாதிரியாக அறிவித்தார்கள்.

அந்த எலும்புக்கூட்டுக்குச் சொந்தக்காரி ஹான்ஸ்கென் என்ற பெண் யானை. இலங்கையில் பிறந்து, குட்டியாக இருக்கும்போதே டச்சுக்காரர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஊர் ஊராக வித்தை காட்ட வைத்த யானை. டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் 1637இல் அவளைப் பார்த்து வரைந்த கோட்டோவியங்கள் இன்றும் இருக்கின்றன. 1655 நவம்பரில் ஃபுளோரன்ஸில் செத்துப்போனாள். முதுமலையிலும் இலங்கையின் வில்பத்துவிலும் இன்று நடமாடும் ஒவ்வொரு யானையின் அறிவியல் பெயரும் அந்த ஒருத்தியின் எலும்போடு கட்டப்பட்டிருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். இலங்கை யானைகள் எலிஃபாஸ் மேக்சிமஸ் மேக்சிமஸ் என்றும், இந்தியப் பெருநில யானைகள் எலிஃபாஸ் மேக்சிமஸ் இண்டிகஸ் என்றும் துணைச் சிற்றினமாகப் பிரிக்கப்படுகின்றன. மாதிரி இலங்கையினுடையது என்பதால் மேக்சிமஸ் இரண்டு முறை வருவது அவற்றுக்குத்தான்.

இப்போது உங்கள் கௌதாரிக்கு வரலாம். சிற்றினத்துக்கு ஓர் உடல் மாதிரி என்றால், பேரினத்துக்கு ஒரு சிற்றினம் மாதிரி. ஃபிராங்கோலினஸ் என்ற பேரினப் பெயர் கருங்கௌதாரியோடு கட்டப்பட்டது. மரபணு ஆய்வுகள் வந்து, ஃபிராங்கோலினஸ் என்று நாம் ஒன்றாகப் போட்டு வைத்திருந்த பறவைகள் எல்லாம் ஒரே குடும்பக் கிளை இல்லை என்று காட்டின. பிரிக்க வேண்டும் என்றானது. பிரித்தால் ஃபிராங்கோலினஸ் என்ற பெயர் கருங்கௌதாரி இருக்கும் கிளைக்குத்தான் சேரும், அதில் விவாதத்துக்கே இடமில்லை. நம் ஊர்க் கௌதாரி வெளியேற வேண்டியதாகிவிட்டது. வெளியேறியதற்குப் புதுப் பெயர் சூட்டவும் முடியாது. அந்தக் கிளைக்கு ஏற்கெனவே யாராவது வைத்த பெயர் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் வைத்து, பிறகு புழக்கத்தில் இல்லாமல் போன ஆர்டிகோர்னிஸ் கிடைத்தது.

முதலில் வைத்த பெயருக்கே முதலுரிமை என்ற இந்த விதி சில நேரம் கசக்கும். காவிரியில் வாழும் பெரிய மஹ்சீர் மீனை எடுத்துக்கொள்ளுங்கள், முதுகில் திமில் போல மேடு இருக்குமே, அதுதான். ஆங்கிலேயர் காலத்திலிருந்து தூண்டில்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த மீன். ஆனால் அது எந்தச் சிற்றினம் என்று 2018 வரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்தவர்கள், அமராவதிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பாம்பாற்றிலிருந்து ஏற்கெனவே வர்ணிக்கப்பட்ட டார் ரெமாதேவி என்ற மீன்தான் இது என்று கண்டுபிடித்தார்கள். இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்குத் தாங்களே ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? முன்பே பெயர் இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடமே அது அழியும் விளிம்பில் இருக்கும் இனமாக, ஆபத்தில் உள்ள உயிரினங்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயர் உறுதியாகாதவரை அந்தப் பட்டியலில் அதற்கு இடமே இல்லாமல் இருந்தது.

அப்புறம், முதலுரிமையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தால் நிலைத்தன்மையே கெட்டுவிடும் இடங்களும் உண்டு. யாரோ 1820இல் வைத்து எவரும் கண்டுகொள்ளாத பெயரை இன்று ஒருவர் நூலகத் தூசியிலிருந்து எடுத்துவந்து, உலகமே பயன்படுத்தும் பெயரை அடித்துவிட முடியுமா? முடியாதபடி ஒரு விதி இருக்கிறது. பழைய பெயரை 1899க்குப் பிறகு யாரும் செல்லும் பெயராகப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. புழங்கும் பெயர் கடந்த 50 ஆண்டுகளில் குறைந்தது 10 ஆசிரியர்களின் 25 படைப்புகளில் வந்திருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் புழங்கும் பெயரே நிற்கும்.

அதற்குள்ளும் அடங்காத வழக்குகள் ஆணையத்துக்குப் போகும். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குள் வந்து நிற்குமே காட்டுமாடு, அதன் பெயர் பாஸ் கௌரஸ், 1827இல் வைத்தது. ஆனால் அதன் வளர்ப்பு வடிவமான வடகிழக்கு மாநிலங்களின் மிதுனுக்கு 1804லேயே பாஸ் ஃபிராண்டாலிஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இரண்டும் ஒரே சிற்றினம் என்று கொண்டால், காட்டில் இருப்பதும் வளர்ப்பு மாட்டின் பெயரைச் சுமக்க வேண்டும். காட்டுப்பூனை, காட்டு எருமை என்று இதே சிக்கல் பல விலங்குகளுக்கு இருந்தது. ஆணையம் 2003இல் 17 பெயர்களை ஒரே தீர்ப்பில் காப்பாற்றியது. வளர்ப்பு வடிவத்தின் பெயர் முந்தியது என்பதற்காகக் காட்டு வடிவத்தின் பெயர் செல்லாமல் போகாது என்றது. மிக நல்ல தீர்ப்பு.

எல்லாத் தீர்ப்பையும் அப்படிச் சொல்ல மாட்டேன். உலகம் முழுக்க மரபியல் ஆய்வுக்கூடங்களில் வளரும் பழ ஈயான டிரோசோஃபிலா மெலனோகாஸ்டரை எல்லோருக்கும் தெரியும். டிரோசோஃபிலா என்ற பேரினப் பெயர் அதோடு கட்டப்படவில்லை, ஃபுனெப்ரிஸ் என்ற இன்னொரு ஈயோடு கட்டப்பட்டிருக்கிறது. என்றைக்காவது அந்தப் பெரிய பேரினத்தை உடைத்தால் மெலனோகாஸ்டர் சோஃபோஃபோராவுக்குப் போய்விடலாம். மாதிரியை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டவர்களுக்கு 2010இல் ஆணையம் மறுத்துவிட்டது. நூறாண்டு ஆய்வுக் கட்டுரைகள் இருக்கும் ஒரு பெயருக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருக்கலாம் என்பது என் கருத்து.

வகைமாதிரிக்கு இவ்வளவு இடம் கொடுத்ததற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், அருங்காட்சியக அறையின் பாட்டில்களுக்குப் புதுப் பெயர்ச்சீட்டு ஒட்டினார்கள். பழுப்பேறிய பழைய சீட்டுகளைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். நான் விடுப்பு முடிந்து வந்து பார்க்கும்போது வேலை முடிந்திருந்தது. புதிய சீட்டில் அன்றைய தேதிக்குச் சரியான பெயர், அழகான அச்சு எல்லாம் இருந்தது. எந்த ஊரில், எந்த நாளில், யார் பிடித்தது என்பது மட்டும் இல்லை. பெயரை என்றைக்கும் திருத்திக்கொள்ளலாம். பிடித்த ஊரையும் தேதியையும் இனி எங்கே போய்த் தேடுவது? அந்தப் பாட்டில்களில் இருந்த தவளைகளில் சில இன்று இரண்டு மூன்று சிற்றினங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. எதில் எது என்று சொல்ல இப்போது வழியில்லை.

உங்களுக்கு: புதிதாக எழுதும்போது ஆர்டிகோர்னிஸ் பாண்டிசெரியானஸ் என்றே எழுதுங்கள். அப்பாவின் புத்தகத்தில் இருப்பதை அடித்துத் திருத்த வேண்டாம், அந்தக் காலத்துக்கு அது சரியான பெயர். பழைய நூல்களில் தேடும்போது முதல் சொல்லை விட்டுவிட்டு இரண்டாவது சொல்லைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள், கிடைத்துவிடும். அப்பா அந்தப் புத்தக ஓரத்தில் கௌதாரியைப் பார்த்த ஊரும் தேதியும் குறித்து வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். வைத்திருந்தால் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.