பெட்டியாக வாங்காதீர்கள், முதல் பாகத்தை மட்டும் வாங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஆங்கில வழியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஹாரி பாட்டர் ஏழு பாகங்களையும் கோடை விடுமுறையில் முடித்துவிட்டு, அதைப் போல வேறு தொடர் வேண்டும் என்று நச்சரிக்கிறாள். பள்ளிக்கு வந்த புத்தக முகவர் ஒருவர், 'பதின்வயதினருக்கான மாயாஜாலத் தொடர்' என்று ஐந்து புத்தகங்கள் கொண்ட பெட்டி ஒன்றை ரூ. 2,400க்குத் தருவதாகச் சொல்லி, ரூ. 500 முன்பணம் வாங்கிச் சென்றிருக்கிறார். மீதியைக் கொடுத்து வாங்கலாமா? இல்லையென்றால் எதை வாங்கித் தருவது? அவளைத் தமிழிலும் படிக்க வைக்க வழி உண்டா? – ஒரு தாய், கரூர்.

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் பெட்டியில் இருக்கும் தொடரின் பெயரை நீங்கள் எழுதவில்லை. முகவர் உங்களிடம் சொல்லவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். நல்ல தொடராகவே இருந்தாலும் என் பதில் இதுதான். 28 ஆண்டுகள் பொது நூலகங்களில் பணியாற்றியதில், பிள்ளைகள் படித்து முடித்ததாகச் சொல்லிப் பெற்றோர் நன்கொடையாகக் கொண்டுவரும் பெட்டிகள் பலவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். முதல் பாகத்தின் முனைகள் மடங்கி, நடுவே ஒரு பேருந்துச் சீட்டு அடையாளமாகச் செருகப்பட்டிருக்கும். மற்ற நான்கு பாகங்களின் முதுகில் ஒரு கோடு கூட விழுந்திருக்காது. தொடர்கதை என்பது முதல் பாகத்திலேயே பிடித்தாக வேண்டும், பிடிக்காவிட்டால் விட்டுவிட வேண்டும். பெட்டியை வாங்கிவிட்டால் விடுவதற்கு மனம் வராது. 'இவ்வளவு காசு போட்டு வாங்கினேனே' என்ற உங்கள் குரல்தான் அந்தப் பெண்ணுக்குக் கடைசியில் நினைவில் நிற்கும். முகவருக்கோ தரகு பெட்டிக்குத்தான், பாகத்துக்கு இல்லை.

அடுத்து, பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் '12 வயதுக்கு மேல்' என்ற வில்லை. திரைப்படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருப்பதைப் போலப் புத்தகத்துக்கும் யாரோ பார்த்துச் சான்று தருகிறார்கள் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. வயதைக் குறிப்பிடுவது பதிப்பாளர், சில நேரங்களில் விற்பனையாளர், இன்னும் சில நேரங்களில் வில்லை அச்சடித்து வைத்திருக்கும் முகவரே. ஆங்கிலப் பதிப்புலகில் 'யங் அடல்ட்' என்ற பிரிவு ஏறக்குறைய 12 முதல் 18 வரை நீள்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் கல்லூரியில் சேரப்போகும் பிள்ளையும் ஒரே அலமாரியில் கை நீட்டுகிறார்கள் என்று பொருள். 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' என்ற தொடரின் முதல் பாகம் 2015இல் இந்தப் பிரிவில்தான் வந்தது. அதில் பாலுறவுக் காட்சிகள் வெளிப்படையாகவே உண்டு. 2020இல் பதிப்பகமே அட்டையை மாற்றிப் பெரியவர்களுக்கான நூலாக அதை மறுபடி வெளியிட்டது. ஆனால் ஐந்து பாகங்களையும் பெட்டியில் வைத்து 'மாயாஜாலம், தேவதைகள், சாகசம்' என்று சொல்லி விற்பவருக்கு இந்த வரலாறு தேவைப்படுவதில்லை. நான் தடை கேட்கும் ஆள் இல்லை. வயது வந்த பிறகு உங்கள் மகள் தானே தேர்ந்து அதைப் படித்தால் அது அவள் பாடு. 13 வயதில் அம்மா கையால் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு அம்மாவே பிடுங்கி வைப்பதுதான் கூடாது.

எல்லாப் புத்தகத்தையும் நீங்கள் முழுதாகப் படித்துப் பார்க்க முடியாது, தேவையும் இல்லை. முதல் பக்கத்தைப் பார்க்காதீர்கள், அது எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும். புத்தகத்தின் மூன்றில் இரண்டு பங்கு கடந்த இடத்தில் பிரித்து நான்கைந்து பக்கம் வாசியுங்கள்; எழுத்தாளர் எதற்கும் துணிவது பெரும்பாலும் அங்கேதான். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் மகளின் ஆங்கில ஆசிரியையிடம் அந்தப் பக்கங்களைக் காட்டிக் கேளுங்கள்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். இறக்குமதிப் புத்தகங்கள் ஐந்து, சந்தேகப்படும் அளவுக்கு மலிவாகக் கிடைத்தால், அது பெரும்பாலும் திருட்டுப் பதிப்பு. தாள் மங்கலாக, அட்டைப் படம் நிழல் விழுந்தது போல, ஓர வெள்ளை ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். இவற்றைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பக்கம் விடுபடுவது. புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அச்சிடுவதில்லை. 16 அல்லது 32 பக்கங்களைப் பெரிய தாளில் ஒன்றாக அச்சிட்டு மடிக்கிறார்கள். அச்சகத்தார் அதைப் 'பாரம்' என்பார்கள். ஒரு பாரம் விடுபட்டால் 96ஆம் பக்கத்துக்கு அடுத்து 129 வரும். நடைபாதையில் வாங்கிய ஹாரி பாட்டர் நான்காம் பாகத்தில் இப்படி 32 பக்கங்களைத் தொலைத்த ஒரு சிறுவன், 'கதையில் யாரோ மந்திரம் போட்டு மறைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன், சார்' என்று என்னிடம் சொன்னான். வாங்கும் இடத்திலேயே பக்க எண்களை விரலால் ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சரி, எதை வாங்குவது? ஹாரி பாட்டரை முடித்த பிள்ளைக்கு அதைவிடக் கனமானதைத்தான் தர வேண்டும் என்று நினைக்காதீர்கள். அந்தத் தொடரின் முதல் பாகம் இங்கிலாந்துப் பதிப்பில் 223 பக்கம், ஐந்தாம் பாகம் 766 பக்கம். அதைக் கடந்து வந்தவள் கொஞ்சம் இளைப்பாறட்டும். ரிக் ரியோர்டன் எழுதிய 'பெர்சி ஜாக்சன்' தொடரின் முதல் பாகமான 'த லைட்னிங் தீஃப்' அதற்கு ஏற்றது. அதன் மூலக் கதை 2005இல் தொடங்கி 2009இல் ஐந்து பாகங்களில் முடிந்தது. படிக்கத் தடுமாறும், ஓரிடத்தில் உட்காராத 12 வயதுப் பையன்தான் நாயகன். ஆசிரியர் தம் மகனுக்கு இரவில் சொன்ன கதையிலிருந்து பிறந்தது என்பதால், பெரியவர் வேண்டுமென்றே குழந்தையைப் போலப் பேசும் தொனி அதில் இல்லை. முதல் அத்தியாயத்திலேயே கணக்கு ஆசிரியை அரக்கியாக மாறிப் பாய்கிறார். ஒவ்வொரு பாகத்திலும் ஒரு தேடல் பயணம் தொடங்கி அந்தப் பாகத்திலேயே முடிந்துவிடுவதால், எந்த இடத்தில் நிறுத்தினாலும் நட்டமில்லை. கிரேக்கக் கடவுள்களுக்குப் பதில் பாண்டவர்களின் மறுபிறவியாக வரும் சிறுமிகளின் கதை வேண்டுமென்றால் ரோஷனி சோக்ஷியின் 'ஆரு ஷா' தொடர் இருக்கிறது. அதுவும் 2018 முதல் 2022 வரை ஐந்து பாகங்களில் முடிந்துவிட்டது.

அதன் பிறகு, அவள் கொஞ்சம் நின்று நிதானமாகப் படிக்கும் மனநிலையில் இருக்கும்போது, அர்சுலா லெ குவின் எழுதிய 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ'யைக் கையில் கொடுங்கள். மந்திரவாதிகளுக்கான பள்ளி ஹாரி பாட்டரில்தான் முதலில் வந்தது என்று உங்கள் மகள் நினைத்துக்கொண்டிருப்பாள். இது அதற்கு 29 ஆண்டுகள் முன்பு, 1968இல் வந்த புத்தகம். ஆடு மேய்க்கும் தீவுச் சிறுவன் ஒருவன் மந்திரப் பள்ளியில் சேர்ந்து, செருக்கினால் ஒரு நிழலை உலகுக்குள் அவிழ்த்துவிடுகிறான். அதைத் தேடிப் போய் எதிர்கொள்வதுதான் கதை. நாயகன் செம்பழுப்பு நிறத்தவன் என்று ஆசிரியர் தெளிவாக எழுதியிருந்தும், பல பதிப்புகளின் அட்டையில் அவனை வெள்ளையாகத்தான் வரைந்தார்கள். ஆசிரியரே இதைப் பலமுறை கண்டித்திருக்கிறார். முதல் மூன்று பாகங்களை அவள் இப்போதே படிக்கலாம். 1990இல் வந்த நான்காம் பாகமான 'தெஹானு'வில் ஒரு குழந்தைக்கு இழைக்கப்பட்ட கொடுமை வருகிறது. 16 வயது வரை அது காத்திருக்கட்டும். பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்லும் போட்டியைச் சொல்லும் 'ஹங்கர் கேம்ஸ்' இரண்டு ஆண்டு கழித்துப் போதும். 'நார்னியா' கொஞ்சம் சிறிய பிள்ளைகளுக்கானது. தம்பி தங்கை இருந்து வாங்கினால், முதுகில் '1' என்று போட்டிருப்பதை முதலில் கொடுக்காதீர்கள். அந்த எண் கதை நடக்கும் கால வரிசையில் பின்னாளில் போடப்பட்டது. 1950இல் முதலில் வெளிவந்த 'த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப்' என்பதுதான் நுழைவாயில்.

பெட்டியாக வாங்காதே என்ற என் விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் விதியைக் கேட்டுவிட்டு இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' தொடரே அல்ல. டோல்கியன் அதை ஒரே நாவலாகத்தான் எழுதினார். போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் தாள் கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம் என்பதால் பதிப்பாளர் அதை மூன்றாக வெட்டி 1954 ஜூலை, நவம்பர், 1955 அக்டோபர் என்று வெளியிட்டார். எனவே முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் எதுவும் முடிவதில்லை, பயணக்குழு பிரிகிறது, அவ்வளவுதான். இரண்டாம் பாகம் நாயகன் எதிரியின் பிடியில் சிக்கிய இடத்தில் நின்றுவிடும். அன்றைய வாசகர்கள் அந்த நிலையில் பதினோரு மாதம் காத்திருந்தார்கள். உங்கள் மகளைப் பதினோரு மணி நேரம் கூட அப்படிக் காக்க வைக்க முடியாது. ஆகவே இதை மட்டும் மூன்று பாகமாகச் சேர்த்தோ, ஒரே தொகுதியாகவோ வாங்க வேண்டும். அதற்கு முன் 1937இல் வந்த தனிக் கதையான 'த ஹாபிட்'டை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அதில் அவள் மூழ்கிப் போனால் பெரிய கதைக்குத் தயார். பாதியில் கவிழ்த்து வைத்தால் ஒரு புத்தகத்தின் விலையோடு தப்பித்தீர்கள். விதியிலும் சரி, விலக்கிலும் சரி, சோதித்துப் பார்ப்பது முதல் புத்தகத்தில்தான் என்பதைக் கவனியுங்கள்.

இனி தமிழுக்கு வருவோம். பதின்வயதினருக்கான மாயாஜாலத் தொடர் தமிழில் போதிய அளவு இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சாகசத்துக்குக் குறைவில்லை. 'பொன்னியின் செல்வன்' பெரியவர்களுக்கு மட்டும் உரியதல்ல. வாரப் பத்திரிகையில் மூன்றரை ஆண்டு வாசகரைக் கட்டிப்போட எழுதப்பட்டதால், அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு கொக்கி இருக்கும். தமிழை மெதுவாகப் படிக்கும் பிள்ளையிடம் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயம் தொடங்கி ஐந்தாறு அத்தியாயங்களை நீங்களே இரவில் வாய்விட்டு வாசியுங்கள். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுக் கூட்டத்தை அவன் ஒளிந்திருந்து பார்க்கும் இடத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். மறுநாள் அவளே எடுப்பாள்.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். பொடி எழுத்தில் பாகங்களை நெருக்கியவை, முன்னறிவிப்பு இல்லாமல் அத்தியாயங்களைச் சுருக்கியவை எல்லாம் புத்தகக் கண்காட்சிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். முதல் பாகம் 'புது வெள்ளம்' 57 அத்தியாயங்களோடு முடிய வேண்டும். ஐந்தாம் பாகம் 'தியாகச் சிகரம்' 91. இந்த இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். கண்காட்சியில் வழக்கமான கழிவு பத்து சதவீதம். அதைவிட மிக அதிகமாக யாராவது தந்தால், எதைக் கழித்துவிட்டுத் தருகிறார்கள் என்று பாருங்கள்.

இவ்வளவையும் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி உங்கள் சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரியும் நீங்கள் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அந்தப் பணத்தை உள்ளாட்சி அமைப்புகளிடமிருந்து பெறுவதற்கு நூலகத் துறை நடையாய் நடப்பது ஒரு கதை. வந்த பணத்தில் புத்தகம் வாங்குவது வேறொரு கதை. நான் பணியாற்றிய ஒரு நூலகத்துக்குப் 'பெர்சி ஜாக்சன்' இரண்டாம் பாகமும் நான்காம் பாகமும் வந்தன. முதல் பாகம் எங்கே என்று எழுதிக் கேட்டேன். அடுத்த ஆண்டு கொள்முதலில் மறுபடி இரண்டாம் பாகமே வந்தது, இம்முறை மூன்று படிகள். பட்டியல் தயாரிப்பவருக்கு அது ஒரு தலைப்பு, ஒரு விலை. தொடர் என்பது அவர் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் இல்லை. இருந்தாலும் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள், காப்புத்தொகை சிறியதுதான். சென்னைக்கு வரும்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ, மதுரைக்குப் போகும்போது 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ குழந்தைகள் பிரிவில் அவளை இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். எந்த முதல் பாகத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறாள் என்று தெரிந்துவிடும்.

முகவரிடம் கொடுத்த ரூ. 500க்கு ரசீது இருந்தால், பெட்டி வேண்டாம், ஒரே ஒரு முதல் பாகம் போதும் என்று எழுதிக் கொடுத்து அந்தத் தொகையை அதில் கழிக்கச் சொல்லுங்கள். தனியாகத் தர முடியாது என்றால், பள்ளி வளாகத்துக்குள் அவரை அனுமதித்தவர் தலைமை ஆசிரியர் என்பதால் அவர் வழியாகவே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். ரசீதும் இல்லையென்றால் அந்த ஐந்நூறு போனது போனதுதான். அதை மீட்பதற்காக மேலும் ரூ. 1,900 கொடுக்காதீர்கள். நூலகத்தில் வாசகர் பரிந்துரைப் பதிவேடு இருக்கும். உங்கள் மகளையே அதில் எழுதச் சொல்லுங்கள்: தொடரின் பெயர், ஆசிரியர் பெயர், அதன் பக்கத்தில் 'முதல் பாகம்' என்று அடிக்கோடிட்டு.