வீட்டில் தடங்கலின்றி ஒப்பித்த பாடம் தேர்வறையில் மறந்துபோகிறது என்று அழும் மகளுக்கு எப்படி உதவுவது?

நீங்கள் தந்துள்ள விவரங்கள் இவை: ஈரோட்டிலிருந்து சென்ற ஆண்டு பெங்களூருக்கு மாறிவந்த குடும்பம், ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், தேர்வு நாள் காலையில் வயிற்று வலி, முந்தைய இரவு ஒப்பித்த பாடம் வினாத்தாளைக் கண்டதும் மறந்துவிடுகிறது, கன்னடத் தேர்வு என்றால் இரண்டு நாள் முன்பிருந்தே சோறு இறங்குவதில்லை. வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மூச்சுப் பயிற்சியையும் யோகாவையும் தவிர வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரின் அல்சூர்ப் பகுதியில் பல ஆண்டுகளாகப் பள்ளி மாணவர்களுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லித் தருகிறவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வழி உண்டு, அது பெரும்பாலும் அவள் படிக்கும் முறையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன், அவளுடைய உடம்பில் என்ன நடக்கிறது என்பதை அவளுக்கு விளக்கிவிட வேண்டும்.

ஆபத்து என்று மூளை கணித்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் முதலில் அட்ரினலின் என்ற ஹார்மோனையும் சில நிமிடங்கள் கழித்துக் கார்ட்டிசால் என்ற ஹார்மோனையும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. கைகால் தசைகளுக்குக் கூடுதலாக இரத்தம் போகிறது. அந்த நேரத்தில் செரிமானம் அவசர வேலை இல்லை என்பதால் குடலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. வயிற்றைப் பிசைவதற்கும் குமட்டலுக்கும் இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே அவள் சொல்லும் வலி உண்மையான வலி. பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள் என்று வீட்டுப் பெரியவர்கள் யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். கார்ட்டிசால் கூடியிருக்கும் வேளையில், ஏற்கெனவே மனத்தில் பதிந்திருப்பதை வெளியே எடுப்பதும் கடினமாகிறது. பாடம் அழிந்துபோகவில்லை, அதை எடுக்க முடியாமல் தவிக்கிறாள், அவ்வளவுதான். தேர்வு முடிந்து பேருந்தில் ஏறியதும் விடை தானாக நினைவுக்கு வருவதை அவளே கவனித்திருப்பாள். ஏழாம் வகுப்புக் குழந்தைக்கு இதைப் படம் வரைந்து சொன்னால் நன்றாகவே புரியும். தனக்கு மூளை குறைவு என்று நம்பிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு இந்த விளக்கம் எவ்வளவு ஆறுதல் தருகிறது என்பதை என் வகுப்பில் பலமுறை கண்டிருக்கிறேன். 'பயப்படாதே' என்ற அறிவுரையால் அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. பயந்ததும் தவறு என்ற இன்னொரு பயம்தான் சேர்கிறது.

இனி படிக்கும் முறைக்கு வருகிறேன். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 120 பேருக்குச் சொற்கள், படங்கள் கொண்ட தொகுதிகளைக் கொடுத்து, ஒரு பிரிவினரைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் படிக்கவும், மற்றப் பிரிவினரைப் பார்த்தபின் மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பழகவும் செய்தார்கள். மறுநாள் இரு பிரிவிலும் சிலரை, பிறர் முன்னிலையில் திடீரென்று பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றத்துக்கு உள்ளாக்கிய பின் சோதித்தார்கள். பார்த்துப் படித்தவர்களின் நினைவு பதற்றத்தில் சரிந்தது. நினைவிலிருந்து எடுத்துப் பழகியவர்களிடம் அந்தச் சரிவு காணப்படவில்லை. பங்கேற்றவர்கள் பெரியவர்கள், நடந்தது ஆய்வுக்கூடத்தில். பள்ளிக் குழந்தைகளுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் மாணவர்களிடம் நான் பார்ப்பது இதனோடு ஒத்துப்போகிறது.

'அவள்தான் ஒப்பிக்கிறாளே, அதுவும் நினைவிலிருந்து எடுப்பதுதானே' என்று நீங்கள் கேட்கலாம். படித்த கையோடு ஒப்பிக்கும்போது பாடம் இன்னும் சூடாகவே இருக்கிறது. தவிர, ஒப்பித்தலில் முதல் வரி இரண்டாம் வரியை இழுத்துவருகிறது, இரண்டாவது மூன்றாவதை. வினாத்தாளோ பாடத்தின் நடுவிலிருந்து, வேறு சொற்களில், வேறு வரிசையில் கேட்கிறது. குறிப்பைப் பார்த்துக்கொண்டே சமைத்துப் பழகியவருக்கு அந்தத் தாள் காணாமல் போன நாளில் கை ஓடாமல் போவதைப் போன்றது இது. எனவே இன்று படித்ததை இன்றே கேட்காதீர்கள். நாளை மாலை, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, ஒரு வெற்றுத் தாளில் நினைவில் இருப்பதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டவற்றை வேறு நிற மையில் அவளே சேர்க்கட்டும். மூன்று நான்கு நாள் கழித்து அதே பாடத்திலிருந்தும் பழைய பாடங்களிலிருந்தும் கேள்விகளைக் கலந்து கொடுங்கள். இது பழகிய பின், கடிகாரத்தை வைத்து, சாப்பாட்டு மேசையில், வீட்டுச் சத்தங்களுக்கு நடுவே எழுதச் சொல்லலாம். சிறு அளவிலான பதற்றத்தோடு எழுதி எழுதிப் பழகிய குழந்தைக்குத் தேர்வறை முற்றிலும் அந்நியமான இடமாக இருப்பதில்லை. இத்தாள்களுக்கு மதிப்பெண் போட வேண்டாம். போட்டால் வீட்டிலும் ஒரு தேர்வறை முளைத்துவிடும்.

கன்னடம் தனிக் கதை. 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்தின்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடம்; உடன் படிக்கும் பிள்ளைகள் முதல் வகுப்பிலிருந்து எழுதிவருவதை உங்கள் மகள் ஏழாம் வகுப்புத் தரத்தில் திடீரென்று எதிர்கொள்கிறாள். இங்கே அவளுடைய பயத்துக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதை மனப்பயிற்சியால் தீர்க்க முடியாது, சுமையைத்தான் குறைக்க வேண்டும். வகுப்பாசிரியரை நேரில் பார்த்து, கீழ்வகுப்புப் பாடநூலிலிருந்து தொடங்க அனுமதியும் சிறிது காலம் தளர்வும் கேளுங்கள். கேட்டால் செய்யக்கூடிய ஆசிரியர்கள் நிறையவே இருக்கிறார்கள். தமிழில் ஒரே 'க' இருக்கும் இடத்தில் கன்னடத்தில் நான்கு எழுத்துகள் இருப்பதால்தான் எழுத்துப்பிழைகள் குவிகின்றன என்பதை அவளுக்குச் சொல்லுங்கள். பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து என்று சொற்களை இணைத்துக் காட்டினால் குழந்தைகள் ஒரு விளையாட்டைப் போலப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும்விட, நீங்களும் உங்கள் கணவரும் அவளிடமே கன்னட எழுத்து கற்றுக்கொள்ளுங்கள். அப்பாவுக்குச் சொல்லித் தரும்போது அவள் நினைவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். வீட்டில் தான் ஒருத்தி மட்டும் திணறவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

பெற்றோர் வாட்ஸப் குழுவில் தேர்வு முடிந்த சில நிமிடங்களில் விடைகளும் மதிப்பெண் கணிப்புகளும் ஓடத் தொடங்கும். அடுத்த தேர்வு மறுநாள் இருக்கும்போது, முடிந்த தாளை அன்று மாலை அலசுவதால் யாருக்கும் பயனில்லை. ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் அத்தை மகனின் மதிப்பெண்ணைச் சொல்லத் தொடங்கினால், தொலைபேசியை ஒலிபெருக்கியில் போடாமல் இருப்பதே போதும்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறங்க வேண்டும் என்று தூக்க மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். இந்நகரின் போக்குவரத்தில் விடியற்காலையிலேயே பேருந்து பிடிக்க வேண்டிய குழந்தை, பத்தரை மணி வரை டியூஷன் வீட்டுப்பாடம் எழுதினால் கணக்கு இடிக்கிறது. எனக்கே இழப்புதான் என்றாலும் சொல்கிறேன்: தூக்கத்துக்கும் டியூஷனுக்கும் இடையே ஒன்றை விட வேண்டுமென்றால் டியூஷனை விடுங்கள்.

மூச்சுப் பயிற்சியை நான் ஒதுக்கவில்லை. மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிகிறது என்பதால், உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளிவிடும் பயிற்சியை வினாத்தாள் வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் செய்யலாம். தேர்வுக்குச் சற்று முன் தன் கவலைகளைப் பத்து நிமிடம் தாளில் எழுதிய மாணவர்கள் மேலும் நன்றாக எழுதினார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டார்கள். பேருந்தில் எழுத ஒரு சின்னக் குறிப்பேட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

வலியும் சாப்பிடாமையும் தேர்வு இல்லாத வாரங்களிலும் நீடித்தால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், தோழிகளைத் தவிர்த்தால், காத்திருக்காமல் குழந்தைகள் மனநல வல்லுநரைப் பாருங்கள். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல மருத்துவமனையில் குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் தனித் துறையே இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தன்னைத் துன்புறுத்திக்கொள்வது பற்றியோ இருக்கவே பிடிக்கவில்லை என்றோ குழந்தை ஒரு சொல் சொன்னாலும் அன்றைக்கே உதவி தேடுங்கள்.

அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அறிவியல் பாடம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தொடங்குங்கள். மூடி வைத்து எழுதும் முதல் சில நாட்களில் பாதிகூட வராது, அவளும் 'பழைய முறையே தேவலை' என்பாள். பார்த்துப் படிக்கும்போது எல்லாம் தெரிந்ததைப் போன்ற ஒரு நிறைவு கிடைக்கிறது, இங்கே அது கிடைக்காது. இரண்டாவது வாரத்துக்குள் அவள் இந்தப் புதிய முறையைக் கைவிட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் உங்கள் வேலை.