தோப்பு விருந்தும் பிள்ளைக் கூட்டமும்: கேள்வி பதில்

கோடை விடுமுறையில் உறவினர்கள் தோப்பிலோ தோட்டத்திலோ ஒன்றுகூடும்போது, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை எப்படி விளையாட வைப்பது என்று கேட்டவர்களுக்கு, உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். புதிதாகக் கேட்பவர்கள் முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேட்டால் எனக்கும் வேலை குறையும்.

கேள்வி: அம்மா, வணக்கம். தாத்தாவின் சதாபிஷேகத்தை ஒட்டி, பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பில் மே மாதம் எல்லோரும் கூடுகிறோம். 2 வயது முதல் 15 வயது வரை இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வருவார்கள். வயதுவாரியாக மூன்று குழுக்களாகப் பிரித்து, தனித்தனி இடங்களில் விளையாட விடலாமா?

பதில்: பிரிக்க வேண்டாம். வயதுவாரியாகப் பிரிப்பது பள்ளிக்கூடத்தின் வசதிக்காக ஏற்பட்ட ஏற்பாடு. உறவுக்காரப் பிள்ளைகள் கூடும் இடத்துக்கு அது பொருந்தாது. பிரித்தால் உங்களுக்கு மூன்று இடங்களிலும் பெரியவர்கள் தேவைப்படுவார்கள். சேர்த்து விட்டால் பெரிய பிள்ளைகளே பாதி வேலையைச் செய்துவிடுவார்கள். சிறு பொருள்களை வாயில் போடும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கனமான பந்தும் மட்டையும் புழங்கும் ஆட்டங்களுக்கும் மட்டும் தனி இடம் கொடுத்தால் போதும்.

தென்னந்தோப்பு என்பதால் ஒரு வேலையை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். விருந்துக்குச் சில நாள்களுக்கு முன்பே மரமேறுபவரை அழைத்து, முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கச் சொல்லுங்கள். அப்படி இறக்கிய பிறகும் பாய் விரிப்பது மாமரத்தடியிலோ பந்தலுக்குள்ளோ இருக்கட்டும். தென்னைக்கு நேர் கீழே யாரும் உட்கார வேண்டாம். வேலியோரத்தில் அரளி இருந்தால் அந்தப் பக்கம் பிள்ளைகளின் சமையல் விளையாட்டுக்கு இடம் கொடுக்காதீர்கள். அதன் இலை, பூ, காய் எல்லாமே நஞ்சு.

அன்றைய பொழுதை வெயிலின் போக்கில் வகுத்துக்கொள்ளுங்கள். பதினொரு மணி வரை ஓடும் ஆட்டங்கள், அதன் பிறகு மூன்றரை வரை நிழலில் உட்கார்ந்து ஆடுபவை, வெயில் தாழ்ந்ததும் மறுபடி ஓட்டம். காலையில் ஏழு கல்லை வையுங்கள். தட்டையான ஏழு ஓட்டுச் சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய துணியை இறுகச் சுற்றிக் கட்டிய பந்தால் ஓர் அணி கலைக்க வேண்டும். மற்ற அணி பந்தால் அடிப்பதற்குள் மீண்டும் அடுக்கிவிட வேண்டும். எறிவதும் ஓடுவதும் பெரியவர்களுக்கு. குனிந்து அடுக்குவதில் ஏழு வயதுப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு அண்ணன்களைத் தோற்கடிப்பார்கள். மிகச் சிறியவர்களும் சேர வேண்டுமானால் குலைகுலையா முந்திரிக்கா போதும். வட்டமாக உட்கார்ந்து, பின்னால் துணி விழுந்ததா என்று தடவிப் பார்க்கும் வேலையை மூன்று வயதுக் குழந்தைகூடச் செய்யும்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் “சின்னவர்களைப் பார்த்துக்கொள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்ன அடுத்த நிமிடம் அவர்கள் காணாமல் போய்விடுவார்கள். கோலமாவால் எல்லைக்கோடு போடுவது, புள்ளி எழுதுவது, தகராற்றில் தீர்ப்புச் சொல்வது போன்ற அதிகாரமுள்ள வேலையைக் கொடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை ஒப்புக்குச் சப்பாணியாக எல்லா ஆட்டத்திலும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது: கிணறு, நீர்த்தொட்டி, சொட்டுநீர்க் குழி எதுவாக இருந்தாலும் அதற்கென்று ஒரு பெரியவரைப் பெயர் சொல்லி நிறுத்துங்கள். சிறு குழந்தை மூழ்கச் சில அங்குலத் தண்ணீரே போதும், சத்தமும் வராது. எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள். அவர் கழுத்தில் ஒரு விசிலை மாட்டிவிடுங்கள். விசிலை இன்னொருவர் கழுத்துக்கு மாற்றாமல் அவர் பந்தியில் உட்காரக் கூடாது.

கேள்வி: வெற்றி பெறுபவர்களுக்கு என்ன பரிசு வாங்கலாம்?

பதில்: பரிசு வேண்டாம். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடலை மிட்டாய் கொடுங்கள்.

கேள்வி: பாட்டியின் பல்லாங்குழிப் பலகை பரணில் இருக்கிறது. இந்தக் காலப் பிள்ளைகள் ஆடுவார்களா? முத்துக்குப் பதிலாக எதைப் பயன்படுத்தலாம்?

பதில்: ஆடுவார்கள், பெரியவர்கள் அருகில் உட்கார்ந்து தாங்களும் ஆடினால். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து முத்துகள் போட்டுத் தொடங்குவது பல ஊர்களில் வழக்கம். ஆறு போடுபவர்களும் உண்டு. ஒரு குழியை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போக வேண்டும். இடும்போது தன் குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அது பசு, உடனே எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் விதி மாறுவதால், ஆட்டம் தொடங்கும் முன்பே வீட்டில் மூத்த அத்தை ஒருவரை நடுவராக்கி, அவர் ஊர் விதிதான் இன்று செல்லும் என்று அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் ஆடும் முன்பே பெரியம்மாக்களுக்குள் சண்டை வந்துவிடும்.

வயது வேறுபாட்டுக்கு இதைவிட இணக்கமான ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. எண்ணத் தெரிந்த ஐந்து வயதுக் குழந்தை முத்துகளை இடலாம். எந்தக் குழியை அள்ளினால் கை எங்கே போய் நிற்கும் என்று பன்னிரண்டு வயதுக்காரர் மனக்கணக்குப் போடலாம். இருவரையும் ஒரே பக்கத்தில் உட்கார வைத்து, எதிரில் பாட்டியை உட்கார வையுங்கள். பலகை ஒன்றுதான் என்றால், ஈர மண்ணில் தேங்காய் மூடியை அழுத்திக் குழி எடுத்து எத்தனை பலகை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

முத்துக்குச் சோழியோ புளியங்கொட்டையோ போதும். பழைய பலகையோடு குன்றிமணி இருந்தால் அதை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். முழுதாக விழுங்கினால் மேல்தோல் காப்பாற்றக்கூடும்; மென்றாலோ உடைந்திருந்தாலோ உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையாக இருந்தாலும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் பக்கத்தில் தவழ்ந்தால் பலகையைக் கட்டில்மேல் ஏற்றிவிடுங்கள். மூச்சுக்குழாயில் சிக்கும் அளவுதான் அது.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. விருந்துக்கு வந்தாலும் போனை விட்டு நிமிர மாட்டான். என்ன செய்வது?

பதில்: பிடுங்காதீர்கள். உறவினர் முன்னிலையில் பிடுங்கினால் அன்றைய நாள் முழுவதும் அந்தக் கோபத்திலேயே போய்விடும். அந்த வயதுக்கு ஓடிப்பிடிப்பது கௌரவக் குறைவாகத் தோன்றும். ஆகவே அவருக்கு ஆடுபுலி ஆட்டத்தைக் காட்டுங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. களத்தைச் சிமெண்டுத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்துவிடலாம். நன்றாக ஆடத் தெரிந்த தாய்மாமன் ஒருவர் புலியாக உட்கார்ந்து, ஆட்டுப்பக்கம் வந்தவர்களை எல்லாம் வரிசையாகத் தோற்கடிக்கட்டும். மாமனை மடக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் போன் தானாகவே கீழே இறங்கும்.

கேள்வி: முருங்கை மரத்தில் நல்ல கிளை இருக்கிறது. ஊஞ்சல் கட்டலாமா?

பதில்: கூடாது. முருங்கைக் கிளை மெத்தென்றது, பெரியவர் ஒருவர் கை வைத்துத் தொங்கினாலே முறியும். புளி, வேம்பு, மா ஆகியவற்றில் பட்டுப்போகாத தடித்த கிளையாகப் பார்த்து, கிளையில் சாக்கு சுற்றி, அதன்மேல் கயிறு போடுங்கள். முதலில் வீட்டிலேயே கனத்த ஆள் உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். ஊஞ்சல் வந்து போகும் வழியை முன்னும் பின்னும் கோலமாவால் கோடு போட்டுக் காட்டுங்கள். ஊஞ்சலில் இருப்பவரைவிட, ஆடும் பலகைக்கு முன்னால் ஓடிவரும் மூன்று வயதுக் குழந்தைக்குத்தான் அடிபடும்.

கேள்வி: சாப்பாட்டுக்கு யாரிடம் சொல்லலாம்? ஒரு இலைக்கு எவ்வளவு ஆகும்?

பதில்: உங்கள் ஊர்ச் சமையல்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பிடித்தாலும் அவுட் இல்லை, அடித்தாலும் கணக்கில்லை என்றால் அந்தக் குழந்தையை ஏமாற்றுவதுதானே? விதி தனக்குப் பொருந்தாது என்ற பழக்கம் வந்துவிடாதா?

பதில்: நான்கு வயதுக் குழந்தைக்கு விதி தெரியாது, கூட்டத்தோடு ஓடுவதுதான் அதற்கு ஆட்டம். அதை அவுட் ஆக்கி ஓரத்தில் உட்கார வைத்தால் அழும், அம்மா வந்து தூக்கிக்கொண்டு போவார், ஆட்டம் நின்றுவிடும். ஏமாற்று என்று பெரியவர்கள் சொல்லலாம். குழந்தைக்கு அப்படித் தோன்றுவதில்லை.

கேள்வி: மேலே கேட்டவருடன் நானும் உடன்படுகிறேன். என் மகளுக்கு ஆறு வயது. சென்ற ஆண்டு விருந்தில் அவளை அப்படித்தான் சேர்த்துக்கொண்டார்கள். “என்னை யாரும் துரத்தவே இல்லை” என்று இரவெல்லாம் அழுதாள்.

பதில்: உங்கள் மகள் அழுதது நியாயம். துரத்தவில்லையே என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றோடு அந்தச் சலுகையின் காலம் முடிந்தது. பெரும்பாலும் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் அந்தக் கேள்வி வந்துவிடும். அதற்குப் பிறகும் சலுகை கொடுத்துக்கொண்டிருப்பது அவமதிப்பு என்ற அளவில் நான் உங்கள் இருவரோடும் உடன்படுகிறேன்.

கேள்வி: ஆனால் ஆறு வயதுக் குழந்தையைப் பதிமூன்று வயதுப் பையன் துரத்தினால் நொடியில் பிடித்துவிடுவானே? அது மட்டும் நியாயமா? எங்கள் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் வளர்ந்தோம், யாரும் கெட்டுப்போகவில்லை.

பதில்: எங்கள் காலத்தில் என்று தொடங்கும் வாதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை, ஆனால் உங்கள் முதல் கேள்வி சரியான கேள்வி. சின்னவருக்கு விதியைத் தளர்த்தாமல், பெரியவருக்குச் சுமையைக் கூட்டுங்கள். பதிமூன்று வயதுப் பையன் நொண்டியடித்துத்தான் துரத்த வேண்டும். ஆறு வயதுப் பிள்ளை இரண்டு காலால் ஓடலாம். பிடித்தால் அவுட், அதில் மாற்றமில்லை. ஏழு கல்லில் பெரியவர்கள் பழக்கமில்லாத கையால்தான் எறிய வேண்டும். கண்ணாமூச்சியில் சின்னவர்கள் ஒளிய ஐம்பது வரை எண்ணுங்கள், பெரியவர்களுக்கு இருபதோடு நிறுத்துங்கள். இப்படிச் செய்தால் ஒரு விந்தையைப் பார்ப்பீர்கள்: சுமை ஏறியதும் பெரிய பிள்ளைகளுக்கும் ஆட்டத்தில் ருசி வந்துவிடும், ஏனென்றால் தோற்கும் வாய்ப்பு அவர்களுக்கும் உண்டாகிவிடுகிறது. நொண்டியடித்துக்கொண்டே ஒரு பொடிப்பெண்ணைப் பிடித்துவிட்ட பையன் குதிக்கும் குதியைக் கோப்பை வாங்கியவரிடமும் காண முடியாது.

கேள்வி: பெரிய பிள்ளைகள் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால்?

பதில்: சுமை என்னவென்று அவர்களையே தீர்மானிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நினைத்ததைவிடக் கடினமாக வைப்பார்கள். இந்த விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம். இதற்கிடையில் விசில் யார் கழுத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் போனிலேயே இருக்கிறார்கள். வாசலில் வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: மேலே எழுதியிருக்கிறேன். வாங்கித்தான் வைக்க வேண்டும் என்றால், முதலில் சித்தப்பாக்களிடம் வாங்குங்கள்.

கேள்வி: காற்றடைத்த குதிக்கும் கோட்டையை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார்கள்.

பதில்: எடுத்தால், நான்கு மூலையும் முளையடித்துக் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள், பலமாகக் காற்று வீசினால் எல்லோரையும் இறக்கிவிடுங்கள். பெரிய பிள்ளைகளையும் சிறியவர்களையும் ஒரே நேரத்தில் ஏற்றக் கூடாது. நான் வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் விருந்தில் வயதுவாரியாகப் பிரித்தே தீர வேண்டிய ஒரே பொருள் அதுதான்.

கேள்வி: மகளுக்கு வீசிங் உண்டு. தூசியில் ஓட விடலாமா, இன்ஹேலரை எப்போது கொடுப்பது?

பதில்: இது மருத்துவரிடம் கேட்க வேண்டியது. விருந்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் பையன் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறான். எல்லோரும் “போய் விளையாடு, போய் விளையாடு” என்று தள்ளுகிறார்கள். வயது எட்டு.

பதில்: தள்ள வேண்டாம் என்று உறவினர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அறிமுகமில்லாத கூட்டத்தில் சில பிள்ளைகளுக்கு ஆட்டத்தைவிட வேலைதான் நுழைவாயில். மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தி, தம்ளரில் ஊற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். தாகத்தோடு வரும் ஒவ்வொரு பிள்ளையும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசித்தான் ஆக வேண்டும். அல்லது ஓலை வேலை தெரிந்த தாத்தா ஒருவரோடு உட்கார வையுங்கள். தென்னங்கீற்றில் ஈர்க்கை நீக்கிவிட்டு, இரண்டு ஓலைகளை மடித்துப் பின்னினால் காற்றாடி. நடுவில் ஈர்க்கைச் செருகிப் பிடித்து ஓடினால் சுற்றும். ஓலையை ஓரத்திலிருந்து புனலாகச் சுருட்டிக்கொண்டே போனால் பீப்பீ. முதல் பீப்பீ ஊதியதுமே நான்கு பேர் வந்து “எனக்கு ஒன்று” என்று நிற்பார்கள். அன்று மாலை வரை உங்கள் பையன் முந்தானைப் பக்கம் வராமல் இருக்கலாம், வந்தாலும் குற்றமில்லை.

கேள்வி: எங்களுக்குத் தோப்பு இல்லை. சென்னையில் மொட்டை மாடிதான்.

பதில்: ஐந்து மணிக்கு மேல் வையுங்கள், தரை அதற்கு முன்பு கால் வைக்க முடியாதபடி சுடும். சாக்குக்கட்டியால் பாண்டிக் கட்டம், ஒரு மூலையில் தாயம், இன்னொரு மூலையில் ஐந்தாங்கல் போதும். பந்தும் பட்டமும் வேண்டாம்; இரண்டும் பிள்ளைகளைக் கைப்பிடிச் சுவருக்கு இழுக்கும். சுவரோரம் நாற்காலி, தொட்டிச்செடி என்று ஏறி நிற்கக்கூடிய எதையும் வைக்காதீர்கள். விசில் இங்கேயும் உண்டு. மாடிக் கதவுக்கு ஒருவர்.

கேள்வி: முதல் பரிசு, இரண்டாம் பரிசுக்கு என்ன வாங்கலாம், அம்மா?

பதில்: கடலை மிட்டாய். இரண்டுக்கும்.

கேள்வி: போன் பற்றி ஒரு சந்தேகம்...

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: மாலையில் எல்லோரும் களைத்துப்போய்ச் சண்டை தொடங்கிவிடுகிறது. எந்த ஆட்டத்தோடு முடிப்பது?

பதில்: களைத்த பிள்ளைகளைத் தங்களுக்குள் மோத விடாமல், பெரியவர்களுக்கு எதிராகத் திருப்பிவிடுங்கள். கயிறு இழுத்தல் வையுங்கள்: ஒரு பக்கம் இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளும், எதிரே எண்ணிக்கை பார்த்துச் சரிக்கட்டிய மாமன்மார்களும் அத்தைகளும். முன்னால் சிறியவர்கள், வால்பக்கம் பெரியவர்கள். கரடுமுரடில்லாத தடித்த கயிறாக எடுங்கள். நைலான் கயிறு உள்ளங்கையைக் கிழித்துவிடும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள், குறிப்பாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீரம் காட்ட வரும் மாமன்களை. இறுகினால் விரல் போய்விடும். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் கயிற்றைச் சட்டென்று விடுவதும் கூடாது, எதிர்ப்பக்கம் முழுவதும் மல்லாக்க விழும். இவற்றை விசில் ஊதும் முன்பே உரக்கச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்திலும் கிணற்றடியில் ஒருவர் நிற்க வேண்டும். ஆகவே ஊதுவதற்கு இன்னொரு விசில் வாங்கிக்கொள்ளுங்கள்.