தொட்டதும் விழுகிறார்களே, அது நிஜமா? – ஐகிடோ கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைச் சுற்றித்தான் இருந்தன: ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோ சண்டைக்கு உதவுமா, பார்க்க அழகாக இருப்பதோடு சரியா? அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் ஐகிகாய் என்ற முதன்மை ஐகிடோ அமைப்பின் வழியில் பயின்றவள், இப்போது சொல்லியும் கொடுக்கிறேன். மற்ற பிரிவுகளின் டோஜோக்களிலும் (பயிற்சிக்கூடங்களிலும்) விழுந்து எழுந்திருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): அக்கா, யூடியூப்ல பார்த்தா மாஸ்டர் கையை ஆட்டினதும் எதிராளி பறந்து போய் விழுறார். இன்னொரு வீடியோல ஐகிடோ மாஸ்டர் ஒருத்தர் எம்எம்ஏ (கலப்புச் சண்டைக் கலை) ஆளோட ஸ்பாரிங் பண்ணி, ஒண்ணும் செய்ய முடியாம நிக்கிறார். எது உண்மை?

பதில்: இரண்டும் நடந்ததுதான் தம்பி. முதலில், ஊகே, அதாவது விழுபவர், ஏன் பறக்கிறார் என்று புரிந்துகொள். கோத்தேகாயேஷி என்ற எறிதலில் மணிக்கட்டு வெளிப்பக்கமாக மடங்குகிறது. மடங்கும் வேகத்தைவிட உடம்பு சீக்கிரம் சுழன்று போனால்தான் மூட்டு தப்பிக்கும். அந்தப் பாய்ச்சல் ஒரு தற்காப்பு, நடிப்பு இல்லை. ஆனால் எதுவுமே நடக்காமல் மரியாதைக்காக விழுவதும் நிறைய டோஜோக்களில் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வீடியோவை மெதுவாக ஓட்டி, விழுபவரின் காலையும் முதுகையும் மட்டும் கவனி. விழுவதற்கு முன்பே குதிகால் தரையை விட்டு எழும்பி, இடுப்பு காலுக்கு வெளியே போய், முதுகு வளைந்திருந்தால் அந்த வீழ்ச்சி நேர்மையானது. இரண்டு காலிலும் நிமிர்ந்து நின்றவர் திடீரென்று குதித்தால், அது உபசாரம்.

நீ பார்த்தது 2017இல் லித்துவேனியாவைச் சேர்ந்த ஆசிரியர் வெளியிட்ட வீடியோ என்றால், அதை மறைக்காமல் போட்டதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. அதற்குப் பிறகு அவர் எம்எம்ஏ பயிலவும் போனார். அங்கே நடந்ததற்குக் காரணம் எளியது. ஐகிடோ வகுப்பில் வரும் தாக்குதல் ஒரு பிடி, அல்லது முழு உடம்பும் பின்னால் வரும் ஒரே அடி. குத்துச்சண்டைக்காரரின் ஜாப், அதாவது சட்டென்று வரும் நேர்க்குத்து, நீ கையை நீட்டுவதற்குள் திரும்பிப் போயிருக்கும். பழகாத தாக்குதலுக்கு உடம்பு பதில் சொல்லாது. இன்னும் ஆறு மாதத்தில் அடிதடிக்குத் தயாராக வேண்டும் என்பது மட்டும்தான் உன் தேவை என்றால், பாக்ஸிங்குக்கோ ஜூடோவுக்கோ போ. இதை என்னிடம் சேர வருகிறவர்களிடமும் சொல்வேன்.

கேள்வி (வரலாற்று ஆசிரியர், திருச்சி): இதை உருவாக்கியவர் அன்பைப் போதித்தவர் என்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே இது மென்மையான கலைதானா?

பதில்: இல்லை சார். மொரிஹெய் உயேஷிபா 1883இல் பிறந்தவர். 1915இல் ஹொக்கைடோவின் எங்காருவில் சொகாகு தகேடாவைச் சந்தித்து தைத்தோ-ர்யூ என்ற ஜுஜுட்சு (பழைய ஜப்பானிய வெறுங்கைச் சண்டைக் கலை) கற்றார். ஐகிடோவின் பூட்டுகளும் எறிதல்களும் பெரும்பாலும் அங்கிருந்து வந்தவை. தகேடா மென்மைக்குப் பெயர் போனவர் அல்ல. 1931இல் டோக்கியோவில் உயேஷிபா திறந்த கோபுகான் டோஜோவுக்கு மக்கள் வைத்த பெயர் நரக டோஜோ. ராணுவத்தின் தோயாமா பள்ளியிலும், உளவாளிகளுக்கான நாகானோ பள்ளியிலும் அவர் கற்பித்திருக்கிறார். ஐகிடோ என்ற பெயரே 1942இல்தான் பதிவானது. அதே காலத்தில்தான் அவர் இவாமா கிராமத்துக்கு ஒதுங்கிப் போனார்.

இதை வைத்து, போருக்கு முன் கடுமை, போருக்குப் பின் அன்பு என்று கோடு கிழித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1935இல் ஒசாகாவில் அசாஹி நாளிதழ் எடுத்த படம் கிடைக்கிறது, பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய உறுதியான மனிதர், வேகமாக நகர்கிறார். சீடர்களும் அன்றே பறந்து விழுகிறார்கள், அசைவில் ஓட்டமும் இருக்கிறது. 1925இல் ஒரு கடற்படை அதிகாரி மரவாளால் மாறி மாறி வெட்ட, இவர் திருப்பி அடிக்காமல் விலகி விலகியே அவரைக் களைக்க வைத்தார் என்பது அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒமோதோ என்ற புதிய ஜப்பானிய மதத்தில் அவர் இறங்கிவிட்டார். ஆக, அன்பு பற்றிய பேச்சும் நரக டோஜோவும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருந்தவை.

இன்று உலகம் முழுக்கத் தெரியும் வெண்தாடிப் படங்கள் அவர் எழுபதைத் தாண்டியபின் எடுத்தவை. எதிரே விழுகிறவர்கள் அவர் அசைவைப் பல வருடங்களாக அறிந்த சீடர்கள். இருபத்தைந்து வயதில் நாம் அந்தக் கிழவரின் கடைசிக் காலத்து அசைவை நகல் எடுத்தால், அவர் கடந்து வந்த வழியை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மென்மையான ஐகிடோவின் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

கேள்வி (ஐடி பணியாளர், சென்னை): மேடம், எங்கள் டோஜோவில் யாரும் யாரையும் வலிக்கச் செய்வதில்லை. அது பிடித்துத்தான் சேர்ந்தேன். போன வாரம் புதிதாக வந்த ஒருவருக்கு நிக்யோ என்ற மணிக்கட்டுப் பூட்டைப் போட்டேன். அவர் சும்மா நின்று சிரித்தார். பலமாகத் திருகினேன், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மென்மையாகச் செய்தால் வேலை செய்யாதா?

பதில்: நீங்கள் திருகியதால்தான் வேலை செய்யவில்லை. மணிக்கட்டு நன்றாக வளைந்துகொடுப்பவர்களுக்கு அந்த வலியே வராது. குடித்திருப்பவருக்கும் வராது. வலித்தாலும் இன்னொரு கை சும்மாதான் இருக்கிறது, அதால் அடிப்பார்.

அடுத்த முறை இப்படிப் பாருங்கள். அவர் உங்கள் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். அவர் கையை உங்கள் கைக்கடியில் பதித்து, சுண்டுவிரல் பக்கம் அவர் முகத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். அவர் முழங்கை மடங்கியிருக்க வேண்டும், நேராக நீண்டிருந்தால் பூட்டு விழாது. இதுவரை வலி தேவையில்லை. இப்போது உங்கள் விரல்களை மறந்துவிடுங்கள். இடுப்பை அரை அடி முன்னே கொண்டுபோய், அவர் கை வழியாக அவர் தொப்புளை நோக்கி அழுத்தம் போகட்டும். சரியாக அமைந்தால் முதலில் அவர் தோள் இறங்கும், பிறகு முழங்கால் மடங்கும். அதற்குப் பிறகுதான் வலி தெரியும், பலருக்கு அதுவும் தெரியாது. ‘ஏன் உட்கார்ந்தேன்னு தெரியலை’ என்பார்கள்.

என்னைவிட முப்பது கிலோ கூடுதலான மாணவர்களுக்கு இதை நான் செய்தாக வேண்டும், வேறு வழி எனக்கு இல்லை. வலியை நம்பிச் செய்கிற நிக்யோ முரட்டுத்தனமானது, வலுவும் இல்லாதது. உடம்பின் நிலையைக் குலைக்கிற நிக்யோ எதிராளிக்குக் காயம் தராது, அவரால் திருப்பி அடிக்கவும் முடியாது. வீரியமா மென்மையா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வாதங்கள் இந்த ஒரு பூட்டை நன்றாகச் செய்து பார்த்தாலே நின்றுபோகும்.

கேள்வி (கராத்தே பிரவுன் பெல்ட், மதுரை): ஐகிடோவில் அடியே கிடையாதா?

பதில்: உண்டு. அதேமி என்று பெயர். நிஜச் சண்டையில் எழுபது சதவீதம் அதேமி என்று உயேஷிபா சொன்னதாக அவருடைய சீடர் கோசோ ஷியோடா எழுதியிருக்கிறார். பல வகுப்புகளில் இது ஒரு கையசைப்பாகச் சுருங்கிவிட்டது வருத்தம்தான். இரிமிநாகே என்ற எறிதலில் உள்ளே நுழையும்போது உங்கள் முன்கை எதிராளியின் முகத்துக்கு நேரே உண்மையாகப் போக வேண்டும். அதைத் தடுக்கவோ தவிர்க்கவோ அவர் தலையை நகர்த்தும் நொடியில்தான் நிலை குலைகிறது. கராத்தேக்காரர் நீங்கள், உங்கள் டோஜோவுக்கு இதைக் கொண்டுபோங்கள், நன்றி சொல்வார்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ஒரு சீனியர் ஷிஹோநாகே என்ற எறிதலை மிக முரட்டுத்தனமாகப் போடுகிறார். இரண்டு முறை பின்மண்டை பாயில் இடித்தது. ‘இதுதான் நிஜ ஐகிடோ, தாங்கப் பழகு’ என்கிறார்.

பதில்: தாங்கப் பழக வேண்டாம். தலை இடித்தபின் தலைவலி, வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் இன்றே மருத்துவரைப் பாருங்கள், அவர் சொல்லும்வரை பாயில் கால் வைக்காதீர்கள். ஜப்பானில் பல்கலைக்கழக ஐகிடோ கிளப்புகளில் தலையில் அடிபட்டு மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். அதில் அடிக்கடி பேசப்படும் உத்தி ஷிஹோநாகேதான். கை பின்னால் மடங்கிவிடுவதால் ஊகே புரண்டு எழ முடியாது, நேர் பின்னே சரிகிறார். தலைதான் முதலில் மாட்டும்.

சரியான ஷிஹோநாகேயில் ஊகேயின் கை அவருடைய தோளுக்கு ஒட்டியே இருக்கும், அங்கிருந்து நேர் கீழே இறங்கும். அப்போது அவருக்கு மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும். கையைத் தோளிலிருந்து விலக்கி வெளியே இழுத்து வீசினால் முழங்கையும் போகும், தலையும் போகும். அவர் செய்வது இந்த இரண்டாவது வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இழுப்பதால் இடைவெளி உண்டாகி, ஊகே திரும்பித் தப்பிக்கவும் வழி கிடைக்கிறது. எனவே நிஜ ஐகிடோ என்ற அவர் கணக்கிலும் அது மோசமான உத்திதான். ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஆசிரியர் சிரித்து மழுப்பினால் டோஜோவை மாற்றுங்கள்.

கேள்வி (பினாங்கு): எந்தப் பிரிவு ‘ஹார்ட்’, எது ‘சாஃப்ட்’?

பதில்: சுருக்கமாக (இங்கே வரும் பெயர்கள் எல்லாம் உயேஷிபாவின் சீடர்கள்): ஷியோடா 1955இல் நிறுவிய யோஷின்கான் கறாரானது. டோக்கியோ மாநகரக் கலவரத் தடுப்புப் போலீசாருக்கு ஏறக்குறைய 11 மாதப் பயிற்சி அங்கேதான் நடக்கிறது. ஷியோடா மிகச் சிறிய உருவம், ஐம்பது கிலோகூட இல்லை என்பார்கள். மொரிஹிரோ சைட்டோவின் இவாமா வழியில் இறுக்கிப் பிடித்த பிடியிலிருந்து தொடங்குவார்கள், வாளும் கோலும் கூடவே வரும். கெஞ்சி தோமிகி ஜூடோவை உருவாக்கிய கானோவிடமும் பயின்றவர், வாசெதா பல்கலைக்கழகத்தில் போட்டி முறையை உண்டாக்கினார். கோயிச்சி தோஹெய் 1974இல் ஐகிகாயை விட்டுப் பிரிந்து, கீ (உள்சக்தி) பயிற்சியை முன்னிறுத்தினார், அது மென்மையானது. ஐகிகாய்க்குள் எல்லாமே உண்டு. ஆனாலும் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சேராதீர்கள். ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து, அடி உண்மையாக வருகிறதா, வகுப்பு முடிந்து எல்லோரும் முழுசாக வீட்டுக்குப் போகிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி (சேலம்): போதிதர்மர் காஞ்சியிலிருந்து கொண்டுபோன கலைதானே இதற்கும் மூலம்?

பதில்: இல்லை. மூலம் ஜப்பானிய ஜுஜுட்சு, வாள் பயிற்சி. சிலம்பமும் வர்மமும் நம் பெருமைக்குப் போதுமானவை, அவற்றுக்கு இந்தச் சொந்தம் தேவையில்லை.

கேள்வி (சிங்கப்பூர்): கத்தியோடு வருபவனைக் கோத்தேகாயேஷியால் மடக்க முடியுமா?

பதில்: ஓடுங்கள். முடியாவிட்டால் நாற்காலி, பை, குடை, எதையாவது நடுவில் வையுங்கள். தோமிகி முறைப் போட்டியில் ஒருவர் ரப்பர் கத்தியால் குத்துவார், மற்றவர் வெறுங்கையால் சமாளிக்க வேண்டும். அதை ஒருமுறை பாருங்கள். வகுப்பில் சுலபமாக விழும் அதே உத்தி அங்கே எவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கிறது என்று தெரியும். கத்திப் பயிற்சியை நான் விடாமல் வைத்திருப்பது தூரத்தைக் கண் பழகிக்கொள்ளத்தான்.

கேள்வி (சென்னை): என் பார்ட்னர் நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரிந்துகொண்டு முன்கூட்டியே விறைத்துக்கொள்கிறார். எப்படிச் சமாளிப்பது?

பதில்: இக்கியோ என்ற கைப்பூட்டு வரப்போகிறது என்று தெரிந்து முழங்கையை இறுக்குபவர் தாக்குவதை நிறுத்திவிட்டார், வெறுமனே தடுக்கிறார். அந்த நேரத்தில் அவர் முகமும் விலாவும் திறந்து கிடக்கின்றன. மெதுவாக உள்ளங்கையை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துங்கள், புரிந்துகொள்வார். சண்டையாக்க வேண்டாம்.

பிறகு வாய்விட்டுப் பேசுங்கள். நாங்கள் வகுப்பில் செய்வது இது: ஊகே முதலில் மெதுவாக, ஆனால் உண்மையாக நெற்றியைக் குறிவைத்து அடிப்பார். நகராவிட்டால் கை நெற்றியில் பட வேண்டும். அது சரியாக வந்தால் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவோம். அதுவும் வந்தபின்தான், நிலை குலையாதவரை விழாதே என்று ஊகேயிடம் சொல்வோம். கடைசியாக, என்ன உத்தி என்று இருவருக்குமே முன்கூட்டித் தெரியாமல் விடுவோம். எந்தக் கட்டத்திலும் இருவரில் ஒருவர் ‘போதும், ஒரு படி கீழே’ என்றால் உடனே இறங்கிவிடுவோம். உங்கள் பார்ட்னரிடம் அடுத்த வகுப்பில் முதல் கட்டத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். பாதி நாள் அங்கேயே போய்விடும், ஷோமென்-உச்சி என்ற இந்த அடியை நேராக நெற்றிக்கு அடிக்கவே பலருக்குப் பழக்கமிருக்காது.