தம்பிக்கு ஊர் கட்டும் விளையாட்டு: எதைத் தேடுவது, எப்படிப் பகிர்வது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குக் கல்லூரி போய் வருகிறேன். தம்பிக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. ஊர் கட்டுவது, குடியேற்றம் நடத்துவது மாதிரியான கணினி விளையாட்டு என்றால் அவனுக்கு உயிர். அப்பாவின் பழைய லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. என்னிடம் கல்லூரிக்காக வாங்கிய இன்னொரு லேப்டாப் உண்டு. வீட்டில் போன் ஹாட்ஸ்பாட்தான் இன்டர்நெட். நண்பன் கொடுத்த பென்டிரைவிலிருந்து ஒரு விளையாட்டைப் போட்டு வைத்திருக்கிறான், அது பாதியில் நின்றுவிடுகிறது. நல்ல விளையாட்டை எப்படித் தேடுவது? ஒன்று வாங்கினால் இருவரும் விளையாட முடியுமா? லாஸ்பேட்டையில் இருக்கும் மாமா மகனுக்கும் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தப் பென்டிரைவ் விஷயத்தை முடித்துவிடுவோம். புதுச்சேரியில் கணினி பழுது பார்ப்பதுதான் என் தொழில். காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டை உடைத்த திருட்டு விளையாட்டோடு என் மேசைக்கு வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் ஒரே கதைதான். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று கூடவே ஒரு குறிப்பு இருக்கும், பையனும் அப்படியே செய்திருப்பான். ஒரு மாணவரின் லேப்டாப்பில் விளையாட்டு நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் அத்தனையும் வெளியே போய், இரண்டு நாளில் அவருடைய மின்னஞ்சல் கணக்கே கைவிட்டுப் போனது. அப்பாவின் லேப்டாப் என்கிறீர்கள். அதில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் இன்றைக்கே அந்த விளையாட்டை நீக்குங்கள். ஆன்டிவைரஸை மறுபடி இயக்கி முழுக் கணினியையும் ஸ்கேன் செய்யுங்கள், அப்புறம் முக்கியமான பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். தம்பியைத் திட்ட வேண்டாம். நேர்வழி இத்தனை சுலபம் என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

சரி, தேடலுக்கு வருவோம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இந்த வகைக்கு இரண்டு அடையாளச் சொற்கள் உண்டு: சிட்டி பில்டர், காலனி சிம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் விளையாடும் அனுபவம் வேறு. சிட்டி பில்டரில் நீங்கள் நகராட்சி ஆணையர். சாலை போடுவீர்கள், மனை பிரிப்பீர்கள், வரி வாங்குவீர்கள். மக்கள் பெரும்பாலும் எண்ணிக்கைதான். 1989-இல் வில் ரைட் உருவாக்கிய சிம்சிட்டி இந்த வழியைத் திறந்தது. காலனி சிம்மில் நீங்கள் ஒரு பெரிய குடும்பத்துக்கு மூத்தவர். அதில் பத்துப் பேர்தான் இருப்பார்கள், ஆனால் ஒவ்வொருவருக்கும் பெயர், பசி, கோபம், கைத்தொழில் எல்லாம் உண்டு. தம்பிக்கு இதில் எது பிடிக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். "என்ன வரைந்தாய்" என்று கேட்டால் சாலையையும் பாலத்தையும் காட்டுகிற பையனா, "அந்த ஆள் ஏன் செத்தான் தெரியுமா" என்று கதை சொல்கிற பையனா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல், பேர் பெற்ற விளையாட்டு என்பதற்காக வாங்கிவிட்டுத் தொடாமல் வைத்திருக்கும் பலரை எனக்குத் தெரியும்.

அடுத்தது லேப்டாப். பையன்கள் முதலில் கேட்பது சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2. 2023 அக்டோபரில் வெளியானபோது நல்ல கணினிகளையே திணறடித்த விளையாட்டு அது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2015-இல் வந்த முதல் பாகம் இதைவிட இலகுவானது. ஆனாலும் அப்பாவின் லேப்டாப்பில் ஊர் சிறியதாக இருக்கும்வரைதான் ஓடும், மக்கள்தொகை ஏற ஏறத் தவழ ஆரம்பிக்கும். இந்த வகை விளையாட்டில் இருக்கும் பொறியே இதுதான். சண்டை விளையாட்டு என்றால் முதல் பத்து நிமிடத்திலேயே ஓடுமா ஓடாதா என்று தெரிந்துவிடும். ஊர் கட்டும் விளையாட்டில் முதல் நாள் எல்லாமே பட்டுப்போல ஓடும், இருபதாம் மணி நேரத்தில்தான் மூச்சு வாங்கும். ஒவ்வொரு குடியானவரும் எங்கே போக வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும் என்று கணினி இடைவிடாமல் கணக்குப் போடுகிறது. ஆள் கூடக் கூடக் கணக்கும் கூடுகிறது.

ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த 2 மணி நேரத்தைச் சிறு ஊர் கட்டி வீணாக்க வேண்டாம். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் முதல் பாகத்துக்கு, விளையாடுபவர்கள் தங்கள் படைப்புகளைப் பகிரும் ஸ்டீம் வொர்க்‌ஷாப்பில் மற்றவர்கள் கட்டி முடித்த நகரங்கள் சேவ் ஃபைலாக (ஆட்டத்தை நிறுத்திய இடத்தைச் சேமித்த கோப்பாக) கிடைக்கின்றன. தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் தொகுப்புகள் தேவைப்படாத ஒரு பெரிய நகரத்தைப் பார்த்து இறக்கித் திறந்து, வேகத்தை உச்சத்தில் வையுங்கள். அந்தக் கூட்டத்தை உங்கள் லேப்டாப் தாங்கினால் வைத்துக்கொள்ளலாம். தாங்காவிட்டால் அன்றைக்கே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

விமர்சனம் படிப்பதிலும் ஒரு முறை உண்டு. ஸ்டீமில் ஒவ்வொரு விமர்சனத்தின் பக்கத்திலும் எழுதியவர் எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார் என்று போட்டிருக்கும். ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுப் புகழ்பவரை விட்டுவிடுங்கள். ஐம்பது மணி நேரம் விளையாடிவிட்டுக் குறை சொல்கிறவரைத் தேடிப் படியுங்கள். அவர்தான் விளையாட்டுக்குள் பத்தாவது ஆண்டில் என்ன சலிக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பதைச் சொல்வார். அப்புறம் "எர்லி ஆக்சஸ்" என்று போட்டிருந்தால் இன்னும் கட்டி முடியாத வீடு என்று அர்த்தம். கடைசி அப்டேட் எப்போது வந்தது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்பாவின் லேப்டாப்புக்கு என் முதல் சிபாரிசு பேனிஷ்ட். 2014-இல் வந்தது, ஒரே ஒருவர் உட்கார்ந்து உருவாக்கியது. கேட்கும் இடம் 250 எம்பிதான். உங்கள் ஹாட்ஸ்பாட் டேட்டாவிலேயே ஒரு மாலையில் இறங்கிவிடும். விளையாட்டுக்குள் காசு கிடையாது, போர் கிடையாது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சில குடும்பங்கள், ஒரு காடு, வரப்போகும் பனிக்காலம், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். என் முதல் ஊர் எப்படி அழிந்தது என்று சொல்கிறேன். ஐந்தாறு ஆண்டு நன்றாகப் போயிற்று. கிடங்கு நிறைய மீனும் காய்கறியும். இருக்கிற வீடு போதும் என்று நினைத்து வீடு கட்டுவதை நிறுத்தினேன். இந்த விளையாட்டில் இளைஞர்கள் தனி வீடு கிடைத்தால்தான் குடும்பம் அமைப்பார்கள். வீடு இல்லாததால் அவர்கள் பெற்றோரோடு இருந்தே வயதாகிப் போனார்கள், குழந்தை பிறக்கவில்லை. ஊரில் யாரும் பட்டினி கிடக்கவில்லை, எனக்கும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. திடீரென்று ஒரே பத்தாண்டில் முதியவர்கள் வரிசையாக இறக்க, வயலில் இறங்க ஆளில்லை. அடுத்த ஊரில் பயந்துபோய் ஒரே நேரத்தில் இருபது வீடு கட்டினேன். எல்லா வீட்டிலும் குழந்தை பிறந்தது, சாப்பிடும் வாய் பெருகியது, உழைக்கும் கை பெருகவில்லை; அந்த ஊரும் பசியில் போனது. மூன்றாவது ஊரில்தான் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வீடு என்று நிதானமாகக் கட்டக் கற்றுக்கொண்டேன். மக்கள்தொகை என்பதைப் பாடப்புத்தகத்தைவிட இந்த விளையாட்டு தம்பிக்குத் தெளிவாகப் புரியவைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

செலவே இல்லாமல் தொடங்க வேண்டுமா? ஓப்பன்டிடிடி முழுக்க இலவசம், சட்டப்படி யாருக்கும் கொடுக்கலாம். ஊர்களை நீங்கள் கட்டுவதில்லை. ரயிலும் பஸ்ஸும் விடுவீர்கள், நீங்கள் விடும் வண்டியைப் பார்த்து ஊர் வளரும். தினமும் அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டும் உங்களுக்கு, ஒரு பாலத்தில் நெரிசல் வந்தால் அதன் இரண்டு பக்கத்து ஊரும் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதையேதான் இங்கே திரையில் தீர்க்கப் போகிறீர்கள். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் என்ற காலனி சிம்மின் பழைய எழுத்து வடிவமும் இலவசம்தான். 2006-இல் இரண்டு சகோதரர்கள் வெளியிட்டு, அதன்பின் தொடர்ந்து வளர்த்துவரும் அதிசயம் அது. ஆனால் படத்துக்குப் பதிலாகக் குறியீடுகள்தான் இருக்கும் என்பதால் 14 வயதில் பொறுமை தேவைப்படும்.

ரிம்வேர்ல்டைப் பற்றித் தம்பி கேட்பான். 2018-இல் முழுமையடைந்த அருமையான காலனி சிம் அது. உங்கள் லேப்டாப்பிலும் ஓடும், ஒரு ஜிபிகூட இடம் கேட்காது. ஆனால் கைதியின் உறுப்பை எடுத்து விற்பது வரை அதில் சாத்தியம். அதை நீங்கள் முதலில் விளையாடிப் பாருங்கள். தம்பிக்கு இப்போது கொடுப்பதா, இரண்டு ஆண்டு கழித்தா என்பதை அக்காவாக நீங்களே முடிவு செய்வது நல்லது. பின்னாளில் நல்ல கணினி வரும்போது டிம்பர்பார்ன் வாங்குங்கள். மரத்தைக் கடித்து அணை கட்டும் பீவர்கள்தான் அதில் குடிமக்கள். மழைக்காலத்தில் தண்ணீரைத் தேக்கினால்தான் வறட்சியைத் தாண்டலாம். வீராணம் ஏரி நிறைந்ததா என்று விசாரித்தே வளர்ந்த நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பதற்றம் உடனே பிடிபடும்.

இனி பகிர்வது. ஸ்டீம் ஃபேமிலீஸ் என்ற வசதி 2024-இல் முழுமையாக வந்தது. ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய குடும்பத்தார் 6 பேர்வரை ஒரு குழுவாகச் சேரலாம். நீங்கள் தினமும் வீடு திரும்புகிறவர் என்பதால் நீங்களும் தம்பியும் தாராளமாகச் சேரலாம். அவனுக்குத் தனிக் கணக்கு தொடங்கிக் கொடுங்கள். ஸ்டீம் கேட்கும் 13 வயதை அவன் தாண்டிவிட்டான். அவனைச் சிறுவர் என்று சேர்த்தால் எந்த விளையாட்டைத் திறக்கலாம், எத்தனை மணி நேரம் என்பதைப் பெரியவர் கணக்கிலிருந்து கட்டுப்படுத்தலாம். உங்கள் கணக்கில் வாங்கிய விளையாட்டு, பகிர அனுமதி உள்ளதாக இருந்தால், அவன் கணக்கிலும் தெரியும். சேவ் ஃபைல்கள் தனித்தனி, அவன் ஊரை நீங்கள் அழித்துவிடும் பயம் இல்லை. ஆனால் ஒன்று: வாங்கியது ஒரு பிரதி என்றால் ஒரே நேரத்தில் ஒருவர்தான் அதை விளையாடலாம். அவன் பேனிஷ்ட் விளையாடும்போது நீங்கள் வேறொன்றை விளையாடலாம்.

மாமா மகன் லாஸ்பேட்டையில் வேறு வீடு. அவரை இந்தக் குழுவில் சேர்க்க வேண்டாம். குழுவுக்கு வெளியே போகிறவர், அதில் சேர்ந்த நாளிலிருந்து ஓர் ஆண்டு ஆகும்வரை வேறொரு குழுவில் சேர முடியாது. அவர் விட்டுப் போகும் இடமும் ஓர் ஆண்டு முடங்கும். கணக்கின் பாஸ்வேர்டை அவருக்குக் கொடுப்பதும் விதிக்கு மாறு. கிஓஜி என்ற கடையில் வாங்கும் விளையாட்டுக்குக் காப்பியைத் தடுக்கும் பூட்டே கிடையாது, இன்ஸ்டாலரைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளலாம். காப்பி எடுத்தால் ஓடும் என்பதற்காக அதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது. அது வாங்கியவரின் சொந்த உபயோகத்துக்குத்தான். பேனிஷ்ட் போன்ற விளையாட்டு ஒரு மனிதர் தனியாக ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்தது என்று தெரிந்த பிறகு எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

மாமா மகனிடமிருந்து உங்களுக்கு ஒரு பெரிய உதவி கிடைக்கும். அவர் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் பெரிய விளையாட்டுகளைக் கல்லூரி முடிந்ததும் அங்கே போய் இறக்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் தம்பி விளையாடும் அப்பாவின் லேப்டாப்புக்கு மறுபடி இறக்க வேண்டாம். இரண்டு லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்து, ஸ்டீம் அமைப்புகளில் லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபரை அனுமதித்தால், விளையாட்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நேராகப் போய்விடும். போனின் ஹாட்ஸ்பாட்டே அந்த வைஃபையாக இருக்கலாம். கணக்கைச் சரிபார்க்கும் அளவுக்குத்தான் டேட்டா போகும்.

மாமா மகன் பேனிஷ்டைத் தனியாக வாங்கிக்கொண்டால் மூவரும் சேர்ந்து ஒரே ஊரை ஆளலாம். ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் ஆடுகிறவர்களிடம் நீண்ட காலமாக இருக்கும் பழக்கம் இது: ஒருவர் ஓர் ஆண்டு ஆட்சி செய்துவிட்டு சேவ் ஃபைலை அடுத்தவருக்கு அனுப்புவார், அவர் அங்கிருந்து தொடர்வார். சேவ் ஃபைல் சிறியது, வாட்ஸாப்பிலேயே போய்விடும். அனுப்பும்போது எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். மோடு (விளையாட்டை மாற்றியமைக்க மற்றவர்கள் செய்த சேர்க்கை) ஏதாவது போட்டிருந்தால் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் திறக்காது.

ஃபைலோடு ஒரு சீட்டும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், தமிழில்: விறகு எவ்வளவு இருக்கிறது, இரும்புக் கருவி எத்தனை, எந்த வீடு பாதியில் நிற்கிறது, யாரை நம்பி வயலை விட்டிருக்கிறேன் என்று. முதல் ஆண்டைத் தம்பிக்கே கொடுங்கள். பனிக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவன் உங்கள் கையில் ஊரைத் தரட்டும்.