தொழுவத்தில் எடுத்த தொடர்கள்

கேள்வி: சென்ற இதழில் 'ஸ்மால்ஃபிலிம்ஸ்' என்ற இங்கிலாந்து டி.வி. கம்பெனியின் வரலாற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். இரண்டே பேர், ஒரு மாட்டுத் தொழுவம், 13 எபிசோடோடு முடிந்துபோன ஒரு பூனைப் பொம்மைத் தொடர். ஏறக்குறைய முப்பது வருடத்தில் ஒரு ஸ்டூடியோகூடக் கட்டாதவர்களுக்கு வரலாறு எதற்கு? வளர்ந்த கம்பெனிகளைப் பற்றி எழுதலாமே?

பதில்: அவர்கள் வளரவில்லை என்று நீங்கள் சொல்வது சரி. அதனால் வரலாறு இல்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த இரண்டு பேரில் ஒருவரான ஆலிவர் போஸ்ட்கேட் 1950களின் கடைசியில் லண்டனில் ஒரு டி.வி. நிறுவனத்தில் ஸ்டேஜ் மேனேஜர். அங்கே குழந்தைகளுக்கென்று போட்டதைப் பார்த்து, 'இதைவிட நன்றாக நாமே செய்யலாம்' என்று ஓர் எலிக் கதை எழுதினார். படம் வரைய, ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பீட்டர் ஃபர்மினைப் பிடித்தார். உருவங்களைக் காந்தத்தால் நகர்த்த வேண்டும், அதுவும் நேரலையில். காந்தம் சொன்னபடி கேட்காது. தப்பு நடந்தால் நடந்ததுதான், திரும்ப எடுக்க வழியில்லை. சுமார் 26 தடவை இந்த அவஸ்தை. அப்புறம்தான் ஃபிலிமில் எடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

கான்டர்பரிக்குப் பக்கத்தில் ஃபர்மினின் பண்ணையில் மாடு கட்டாமல் கிடந்த தொழுவம்தான் படப்பிடிப்புத் தளம். ஒரு 16 மி.மீ. கேமரா, அதை ஃபிரேம் ஃபிரேமாக இயக்க போஸ்ட்கேட் தானே செய்துகொண்ட ஒரு கருவி. உருவத்தை இம்மி நகர்த்துவார், ஒரு ஃபிரேம் எடுப்பார், மறுபடி நகர்த்துவார். இப்படி ஒரே நாளில் 2 நிமிஷப் படம். பொம்மை அனிமேஷன் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், நாள் முழுக்க உழைத்து சில விநாடி தேறினாலே பெரிய விஷயம் என்பார்கள். கதை எழுதியவர், உருவத்தை நகர்த்தியவர், கேமராவை இயக்கியவர், குரல் கொடுத்தவர் எல்லாம் ஒரே ஆள். யார் மேஜையிலும் எதுவும் காத்துக் கிடக்கவில்லை. நீங்கள் குறை சொல்லும் அந்தச் சின்ன அளவுதான் இந்த வேகத்தைக் கொடுத்தது என்பது என் கட்சி.

1959இல் வந்த 'ஐவர் தி என்ஜின்' தொடரில் ரயில் எஞ்சின் புகை விடும் சத்தம் போஸ்ட்கேட் வாயாலேயே போட்டது. 1969 நவம்பரில், மனிதன் நிலவில் கால் வைத்து நாலு மாதம் ஆனபோது, 'கிளாங்கர்ஸ்' வந்தது. வேறொரு கோளில் வாழும் ரோஸ் நிறப் பிராணிகள். ஃபர்மினின் மனைவி ஜோன் கம்பளி நூலில் பின்னிய பொம்மைகள் அவை. உள்ளே எலும்புக்கூடாக இருந்தது மெக்கானோ, அதாவது குழந்தைகள் நட்டு, போல்ட் போட்டு மாட்டி விளையாடும் உலோகத் துண்டுகள். இந்தப் பிராணிகள் பேசாது, விசில் மட்டும்தான். ஆனால் அந்த விசிலுக்கு வசனம் உண்டு! ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் முழுசாக எழுதி வைத்துக்கொண்டு, அதன் ஏற்ற இறக்கத்தை அப்படியே ஊதினார்கள். ஒரு சொல்கூட யார் காதிலும் விழப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதினார்கள். குழந்தைகள்மேல் இருந்த இந்த மரியாதைக்காகவே இரண்டு பக்கம் கொடுக்கலாம்.

சரி, உங்கள் 13 எபிசோடு விஷயத்துக்கு வருகிறேன். 'பாக்பஸ்' 1974இல் வந்தது. ஆரஞ்சு வரிப் பூனையாகத்தான் அதை நினைத்திருந்தார்கள். சாயம் போட்ட இடத்தில் ஏதோ தவறு, துணி ரோஸ் நிறத்தில் வந்து நின்றது. அந்தத் துணியிலேயே பூனையைத் தைத்தார்கள். தொடரின் ஆரம்பத்தில் வரும் சிறுமி எமிலி, ஃபர்மினின் மகள். இருபத்தைந்து வருடம் கழித்து, 1999இல், பிபிசியின் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் எது பிடிக்கும் என்று நேயர்களிடம் கேட்டபோது முதலிடத்தில் வந்தது இந்த ரோஸ் பூனைதான். அந்த 13 எபிசோடைத்தான் திரும்பத் திரும்ப ஒளிபரப்பிக்கொண்டிருந்தார்கள்.

போஸ்ட்கேட் 2008இலும் ஃபர்மின் 2018இலும் காலமானார்கள். நடுவில் 2015இல் 'கிளாங்கர்ஸ்' புதிதாக எடுக்கப்பட்டது, ஃபர்மினும் அதில் பங்கெடுத்தார். கம்ப்யூட்டரில் எல்லாம் செய்துவிடலாம் என்ற காலத்திலும் பின்னிய பொம்மைகளை நகர்த்தி நகர்த்தித்தான் எடுத்தார்கள்.

வளர்ந்த கம்பெனிகளைப் பற்றியும் எழுதுவோம். அதற்குள் 'பாக்பஸ்' ஒரே ஒரு எபிசோடு பாருங்கள். அப்போதும் இதே கேள்வி இருந்தால் அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.