மூன்று வருடம் பார்த்தவளுக்கு எதற்குப் பயிற்சி?

கேள்வி: மாமியாருக்கு டிமென்ஷியா என்கிற மறதி நோய். மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் நிற்கிறார். "இதுதான் உங்க வீடு" என்றால் அடிக்க வருகிறார். பராமரிப்பாளர் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார் டாக்டர். புதிதாக என்ன சொல்லித்தரப் போகிறார்கள்?

பதில்: உங்கள் மாமியாரைப் பற்றி எந்தப் பயிற்றுநரும் உங்களுக்குச் சொல்லித்தர முடியாது. ஆனால் இந்த "இதுதான் உங்க வீடு" இருக்கிறதே, பயிற்சியில் அநேகமாக முதலில் விடச் சொல்வது அதைத்தான். அல்சைமர் போன்ற நோய்களில் புதிய நினைவுகள்தான் முதலில் அழியும், பழையவை தாக்குப்பிடிக்கும். அவர் தேடுவது எந்தக் காலத்து வீடோ! வாதாடினால் பயம்தான் கூடும். "அந்த வீட்டில் யாரெல்லாம் இருப்பாங்க, சொல்லுங்க அத்தை" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் திரும்பினால் காலும் மெல்லத் திரும்பும். எப்போதும் பலிக்காது, பல நாள் பலிக்கும்.

அப்புறம், வாசலுக்குப் போவதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பசி, களைப்பு, மங்கும் வெளிச்சம், சிறுநீர் முட்டுவது என்று ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும்.

சும்மா உட்கார்ந்து கேட்கிற வகுப்பென்றால் நானும் போகச் சொல்ல மாட்டேன். பேசிப் பழகவைக்கும் பயிற்சியாகப் பாருங்கள். லண்டனில் உருவான 'ஸ்டார்ட்' திட்டத்தில் பராமரிப்பவருக்கு 8 அமர்வுகள்; நடத்தியது பயிற்சி பெற்ற உளவியல் பட்டதாரிகள். இரண்டு வருடம் கழித்தும், அதில் சேர்ந்த பராமரிப்பாளர்களிடம் சேராதவர்களைவிட மனச்சோர்வு குறைவாகவே இருந்தது. வெளியே போக முடியாவிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஐசப்போர்ட்' என்ற இணையவழிப் பயிற்சி இருக்கிறது. 23 பாடங்கள், அவற்றில் சில உங்கள் உடம்பையும் மனதையும் கவனித்துக்கொள்வது பற்றியே. தேவையானதை மட்டும் எடுத்துப் படிக்கலாம்.

ஒன்றை மட்டும் பயிற்சியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். குழப்பமோ கோபமோ ஓரிரு நாளில் திடீரென்று கூடினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புது மருந்து எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, கடிதத்தில் உங்கள் கணவர் எங்குமே வரவில்லையே? அவரும் படிக்கட்டும். நீங்கள் பேச்சை மாற்றும்போது அவர் வந்து "இதுதாம்மா உன் வீடு" என்று ஆரம்பித்தால் அத்தை மறுபடி வாசலில்தான் நிற்பார்.